தரையில் போடும் ஓட்டை

எங்கள் ஊரில் ஹீட்டர் என்றால் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர் ஹீட்டர்தான். மார்கழி விடியலில்கூட ஃபேனை நிறுத்தாத ஊர் நசரத்பேட்டை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்தால், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடம். சர்வீஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் என் ஷெட். 26 வருஷமாக வண்டிகளுக்கு உள்வேலை செய்கிறேன். செம்பரம்பாக்கம் பக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருப்பதால் நான் செய்ததில் பாதிக்கு மேல் ஷூட்டிங் கேரவன்கள். கண்ணாடி, மேக்கப் நாற்காலி, ஏசி, டாய்லெட், பின்னால் ஜென்செட். அவ்வளவையும் குளிர்விக்கத்தான் எனக்குத் தெரியும். வண்டிக்குள் சூடு வேண்டும் என்று யாரும் வந்து கேட்டதில்லை.

போன கார்த்திகையில், ஷெட் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஒரு நாளில், ஆவடியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வந்த பணத்தில் ஒரு டெம்போ டிராவலர் வாங்கி, கரூர்ப் பக்கம் கொடுத்து, கட்டில், சின்ன அடுப்படி எல்லாம் போட்டுக் கேரவனாக்கியிருந்தார். அதில் ஒரு முறை ஊட்டிக்குப் போய் நடுங்கித் திரும்பியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி. குளிரில் விரல்கூட மடங்காது. ஜெர்மனியில் இருக்கும் பிள்ளை ஒரு பழைய கேரவன் கேஸ் ஹீட்டரை வாங்கி அனுப்பியிருந்தான். அட்டைப்பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுச் சார் சொன்னார்:

“தம்பி, இத அலமாரிக்குக் கீழ மாட்டிடு. அடுப்பு லைன்ல இருந்து ஒரு ‘டி’ எடுத்துக் கனெக்சன் குடுத்தா முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு, தரைய மட்டும் ஓட்டை போட்டுடாத. புதுசா போட்ட தரை.”

பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிறகு அவரை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, ஏன் மூன்று ஓட்டை போட்டே தீர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். மலைக்கு வண்டியிலேயே போய் வண்டியிலேயே தூங்குகிறவர்கள் வருஷா வருஷம் கூடுகிறார்கள். கேரளாவில் அரசே 2021-ல் கேரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. குளிரில் அடைத்த வண்டிக்குள் நெருப்பு வைப்பதைப் பற்றி மட்டும் நம்மிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

நெருப்புக்கும் மூச்சு வேண்டும். வீட்டு அடுப்பு எரியும்போது இதை நாம் நினைப்பதில்லை. ஜன்னல் இருக்கிறது, கதவிடுக்கு இருக்கிறது. ஒரு கிலோ கேஸ் ஒழுங்காக எரிந்து முடிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். சாரின் வண்டியை டேப் வைத்து அளந்தேன். உள்ளே 4 மீட்டர் நீளம், 1.8 அகலம், 1.9 உயரம். பெருக்கினால் 14 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கட்டில், அலமாரி, இரண்டு மனிதர்கள். கடையில் விற்கிற சாதாரண கேஸ் ஹீட்டர், முன்பக்கம் சிவப்பாகத் தகிக்குமே, அது அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் குடிக்கும். புகையையும் அறைக்குள்ளேயே விடும். அதை ஜன்னல் சாத்திய வண்டியில் வைத்தால், ஒரு கிலோ கேஸ் எரிவதற்குள் வண்டிக்குள் இருக்கும் காற்று மொத்தத்தையும் கேட்கும். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பிராணவாயு கொஞ்சம் குறைந்ததுமே நெருப்பு அரைகுறையாக எரிய ஆரம்பிக்கும். அப்போது வருவதுதான் கார்பன் மோனாக்சைடு.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின், இதைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் சீக்கிரம் விடாது. நல்ல காற்றில் வந்து உட்கார்ந்தாலும் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி இறங்கும். முதலில் தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் சொக்கும். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுக்கும்; அதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். எரிந்த பிறகு அந்த நாற்றமும் போய்விடும்.

2020 ஜனவரி 21 காலையில் நேபாளத்தின் டாமன் என்ற மலையூர் விடுதியில் கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே அறையில் நினைவிழந்து கிடந்தார்கள். அதில் நாலு பேர் குழந்தைகள். இரவு குளிருக்குக் கேஸ் ஹீட்டர் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஹெலிகாப்டரில் காட்மாண்டுக்குக் கொண்டுபோயும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? 2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில், கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. எரிபொருள் வேறு, அடைத்த அறை ஒன்றுதான்.

இதைச் சொன்னபோது அம்மாதான் கேட்டார்கள்: “அப்ப இந்த மிஷினு எங்கருந்து மூச்சு விடும் தம்பி?”

அந்தக் கேள்வி கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெட்டியில் இருந்தது ட்ரூமா எஸ் 3004. மியூனிக் பக்கத்தில் புட்ஸ்பிரூன் என்ற ஊரில் இருக்கிற கம்பெனி. பிலிப் கிரைஸ் என்பவர் 1949-ல் ஆரம்பித்தார்; முதலில் கேஸ் விளக்கு செய்தார்கள், 1961-ல் கேரவனுக்கென்று கேஸ் ஹீட்டர் கொண்டு வந்தார்கள். இதன் சூட்சுமம் எளிமையானது. நெருப்பு எரிகிற அறை முழுக்க மூடிய ஒரு உலோகக் கூடு. எரியத் தேவையான காற்றை வண்டித் தரைக்குக் கீழே இருந்து இழுத்துக்கொள்ளும். எரிந்த புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். வண்டிக்குள் இருக்கிற காற்று அந்தக் கூட்டின் வெளிப்புறத்தைத் தொட்டுச் சூடேறுமே தவிர, நெருப்பை ஒரு கணமும் சந்திக்காது. டீசலில் ஓடும் வண்டி ஹீட்டர்களும் இதே முறைதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். திறந்த ஹீட்டரில் அது கண்ணாடியிலும் மெத்தையிலும் போய் உட்காரும். இதில் புகையோடு வெளியே போய்விடும்.

“ஓட்டை போடாம மாட்டினா?” என்றார் சார்.

“மாட்டலாம் சார். அத நான் செய்ய மாட்டேன்.”

நான் அப்படி உறுதியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. பதிமூன்று, பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஷூட்டிங் கேரவனுக்கு ஏசி பைப் இறக்கத் தரையில் 50 மில்லிமீட்டர் ஹோல்சா வாளால் வட்டமாக ஓட்டை போட்டேன். பைப்பும் ஒயரும் பாதி இடத்தைத்தான் அடைத்தன. மீதியைச் சாப்பிட்டு வந்து சிலிகான் அடித்து மூடலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் அவசரம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக்கு வரும், மூடிக்கொள்ளலாம் என்று நானும் விட்டேன். மூன்றாம் நாள் டிரைவர் போன் செய்தார். பின் சீட்டில் உட்காருகிற மேக்கப் உதவியாளர் பெண்ணுக்கு தினமும் தலைவலி, வாந்தி. வெளியே மர நிழலில் உட்கார வைத்தால் சரியாகிவிடுகிறது. வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள், மோர் கொடுத்தார்கள். போனில் அதைக் கேட்கும்போதே எனக்கு அந்த ஓட்டை ஞாபகம் வந்துவிட்டது.

ஓடினேன். வண்டியைக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஜென்செட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய் வண்டிக்கு அடியிலேயே முடிகிறது. சுவர் தடுத்ததால் புகை கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாரையும் இறக்கிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தேன். பத்திப் புகை நேராக மேலே போகவில்லை. கீழே இருந்து யாரோ ஊதுகிற மாதிரி உள்பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தப் பெண் நல்லபடியாகத் தேறினாள். மன்னிப்புக் கேட்கப் போனபோது, “பரவால்லண்ணே, இப்ப ஒண்ணும் இல்ல” என்றாள். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து என் ஷெட்டை விட்டுப் போகிற ஒவ்வொரு வண்டியிலும் தரை ஓட்டைகளை நானே படுத்துப் பார்க்கிறேன்.

2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரையில் நடந்ததைப் படித்தபோது இரண்டு நாள் வேலை ஓடவில்லை எனக்கு. கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் டிரைவரும் கூட வேலை பார்த்தவரும் இறந்து கிடந்தார்கள். ஒருவர் வாசல் படியருகே, இன்னொருவர் உள்ளே படுத்தபடி. கல்யாண வீட்டாரைக் கண்ணூரில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். பிறகு கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே வண்டியில் சோதித்துப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் புகை தரையில் இருந்த துவாரம் வழியாக உள்ளே வந்திருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு 957 பிபிஎம். பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு என்று அர்த்தம். எட்டு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு சுமார் 9. நான் ஊதுபத்தி பிடித்துப் பார்த்த அதே கதை. என் வண்டியில் இருந்தவர்கள் விழித்திருந்தார்கள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “போடுப்பா” என்றார்.

வேலை மூன்று நாள். முதலில் ஹீட்டரையே பார்த்தேன். பழைய சாமான் என்றால் தயாரித்த தேதியைத் தேட வேண்டும். உள்ளே இருக்கும் வெப்பக்கூடு 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஜெர்மனியில் மாற்றியே ஆக வேண்டும். இதன் தகட்டில் 2009 என்று இருந்தது. டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து, கூட்டில் விரிசலோ துருவோ இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். இந்தக் கூடு ஓட்டையானால் மற்ற எல்லா வேலையும் வீண்.

அடுத்தது தரை. மேலே அளந்து, மேலே இருந்தே துளைக்கிறவர்கள் உண்டு. ஒரு நாள் டீசல் டாங்கிலோ பிரேக் லைனிலோ போய் நிற்பார்கள். வண்டியை ஜாக்கி ஏற்றி, அடியில் படுத்து, சேஸிஸ் எங்கே, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எங்கே, சக்கரம் சேற்றை எங்கே அடிக்கும், இன்ஜின் சைலன்சர் எங்கே முடிகிறது என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்தேன். காற்று இழுக்கிற வாயில் சேறு அடைக்கக் கூடாது, இன்ஜின் புகையும் ஏறக் கூடாது. இரண்டாம் நாள் காலை அந்தப் புதுத் தரையில் ஹோல்சாவை வைத்தபோது சார் வெளியே போய் நின்றுகொண்டார். வட்டமாக வெட்டி வந்த பிளைவுட் துண்டை அம்மா எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது ஓட்டை கூரையில். புகைக்குழாய் வளையக்கூடிய எவர்சில்வர். அதற்கு மேல் ஒரு உறைக்குழாய். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹீட்டரிலிருந்து கூரை வரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒரு இடத்திலும் தொய்ந்து வயிறு போடக் கூடாது. தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கிப் புகை வழியை அடைக்கும். அலமாரிப் பின்பலகையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். குழாய் கழன்றால் புகை அலமாரித் துணிக்குள் வரும். எனவே அந்தக் கிளாம்ப்புகளை என் பையனிடம்கூட விடவில்லை.

மூன்றாவது ஓட்டை சிலிண்டர் பெட்டியில். வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டரை வண்டியில் வைக்கக் கூடாது; அது வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்று 2000-ஆம் வருஷத்து எல்பிஜி ஆணையே சொல்கிறது. சந்தை விலையில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரை வாங்கச் சொன்னேன். அதற்கென்று தகட்டில் தனிப் பெட்டி. படுக்கைப் பக்கம் துளி சந்து இல்லாமல் மூடியது, கதவு வெளியே மட்டும். பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை. கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது. கசிந்தால் புகை மாதிரி மேலே எழாது. தண்ணீர் மாதிரி தரையில் வழிந்து பள்ளத்தில் நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றும். கீழே வழி இருந்தால் ரோட்டில் இறங்கிக் கலைந்துவிடும்.

இந்த இடத்தில் 2023 ஆகஸ்ட் 26 மதுரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் தனிப் பெட்டி, புனலூர் ரயிலில் சேர்ந்து வந்து, கழற்றி மதுரை யார்டில் நிறுத்தியிருந்தது. விடியற்காலை ஐந்தே கால் மணி. விதியை மீறி உள்ளே கொண்டு வந்த கேஸ் சிலிண்டரில் அடுப்பு பற்றவைத்தபோது தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். நகரும் வீடாக நாம் நினைக்கிற எதிலும், ரயில் பெட்டியோ வேனோ, சிலிண்டர் மனிதர்களோடு ஒரே அறையில் இருக்கக் கூடாது. வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடியே வைக்க வேண்டும். ஓடும்போதும் ஹீட்டர் வேண்டுமென்றால், மோதலில் தானாக கேஸை நிறுத்தும் தனி ரெகுலேட்டர் ஐரோப்பாவில் கட்டாயம். சாரிடம் அது இல்லை. அதனால் வண்டி நின்ற பிறகுதான் ஹீட்டர் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஜெர்மன் ரெகுலேட்டரின் மரை நம் சிலிண்டரில் உட்காராது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த ஹீட்டர் கேட்கிற அழுத்தம் 30 மில்லிபார். நம் வீட்டு ரெகுலேட்டர் கொடுப்பதும் ஏறக்குறைய அதேதான். 30 மில்லிபார் எவ்வளவு என்று சாருக்குக் காட்டினேன். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபை எடுத்து, வளைத்துப் பிடித்து, தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை கேஸ் லைனில் மாட்டினேன். ரெகுலேட்டரைத் திறந்ததும் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி இன்னொரு பக்கம் ஏறியது. வித்தியாசம் 30 சென்டிமீட்டர், பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் அளவு. இவ்வளவு மெல்லிய அழுத்தம்தான் அடுப்பை எரிக்கிறது. பிறகு சிலிண்டரைக் கழற்றிவிட்டு, ஹீட்டரையும் அடுப்பையும் பிரித்து வைத்து, லைனில் மட்டும் கைபம்பால் காற்று ஏற்றினேன்: 150 மில்லிபார், ஒன்றரை மீட்டர் தண்ணீர். டியூபை ஷெட் தூணில் கட்டி, மார்க்கர் கோடு போட்டு, பத்து நிமிஷம் யாரும் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். ஆறாவது நிமிஷம் தண்ணீர் கோட்டைவிட்டு நூலிழை இறங்கியது. சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே போனேன். அடுப்பு ‘டி’ ஜாயின்ட்டில் கடுகளவு ஒரு குமிழ், வந்து உடைந்து, மறுபடி வந்தது. கழற்றி, வெட்டி, புதுசு போட்டேன். அடுத்த பத்து நிமிஷம் கோடும் தண்ணீரும் பிரியவில்லை. எத்தனை அவசரமாக இருந்தாலும் தீக்குச்சி வைத்துக் கசிவு பார்க்காதீர்கள். ரப்பர் டியூபில் தேதி இருக்கும். ஐந்து வருஷம் ஆனால் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பற்றவைத்தோம். குமிழைத் திருப்பி அழுத்தினால் ‘டிக் டிக்’ என்று பொறி விழும். அடியில் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. முதலில் ஒன்றும் இல்லை. லைனில் இருந்த காற்று வெளியேற வேண்டும். பிறகு நீலமாக ஒரு வரி ஓடியது. அப்போது கையை எடுத்துவிடக் கூடாது, இன்னும் பத்து செகண்ட் அழுத்தியே பிடிக்க வேண்டும். நெருப்பின் நுனியில் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. அது சூடேறினால்தான் கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கும். நெருப்பு அணைந்தால் கம்பி ஆறும். ஒரு நிமிஷத்துக்குள் வால்வு தானே மூடிக்கொள்ளும். நான் வேண்டுமென்றே அணைத்து, அந்த ‘டக்’ சத்தத்தை அம்மாவை இரண்டு முறை கேட்க வைத்தேன். நெருப்பு நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால், கண்ணாடியில் கரி படிந்தால், அன்றே நிறுத்திவிட வேண்டும்.

கடைசியாக இரண்டு அலாரம். கேஸ் கசிவுக்கானது தரைக்கு ஒரு சாண் மேலே. கார்பன் மோனாக்சைடுக்கானது படுக்கையில் தலை வைக்கும் உயரத்தில். 50 பிபிஎம் தொடர்ந்து இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கத்தும்; 300 வந்தால் மூன்று நிமிஷத்துக்குள். இதற்காகும் பணத்தைக் குறைக்கச் சொல்லி என்னிடம் பலர் பேரம் பேசியிருக்கிறார்கள். அதில் மட்டும் நான் இறங்குவதில்லை. அன்றிரவு ஹீட்டரை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஊதுபத்தியும் மீட்டருமாக நான் உள்ளே உட்கார்ந்தேன். என் மனைவி வெளியே ஸ்டூல் போட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நசரத்பேட்டையில் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் மீட்டர் சைபரிலேயே நின்றது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவான வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இடம் தராது. கேரவன்களுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரமே இருக்கிறது. வண்டி கட்டும்போதே ஆர்டிஓ அனுமதி, இன்ஷூரன்ஸில் தகவல், இரண்டையும் முடித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு ஓடுவது பயன் தராது.

செலவைப் பற்றிச் சார் கேட்டார். இந்த ஹீட்டர் மணிக்கு 30 கிராமிலிருந்து 280 கிராம் வரை குடிக்கும். ஊட்டிக் குளிரில் நடுத்தரமாக வைத்தால் ராத்திரிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 5 கிலோ சிலிண்டர் நாலு ராத்திரி வரும். உறைபனி விழுகிற இரவில் அதுகூடக் கஷ்டம். நம் கேஸில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும்; பியூட்டேன் சைபருக்கு அரை டிகிரி கீழே போனால் திரவமாகவே படுத்துக்கொள்ளும். சிலிண்டரை ஆட்டினால் சத்தம் கேட்கும், நெருப்பு சிறுக்கும். அப்போது சிலிண்டரைத் தூக்கிப் படுக்கைப் பக்கம் கொண்டுவர யாருக்கும் தோன்றும். அதைச் செய்யாதீர்கள் என்று ஒன்றுக்கு மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

தை பிறந்து நாலு நாள் இருக்கும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு அம்மாவின் போன். தலைகுந்தாவில் நிற்கிறார்களாம். புல்லெல்லாம் இப்பவே வெள்ளை கட்டுகிறதாம், உள்ளே சால்வைகூட வேண்டாமாம், விரல் நன்றாக மடங்குகிறதாம்.

“ஒண்ணுதான் தம்பி. அடுப்படிக்குக் கீழ சல்லடை மாதிரி ஒரு ஓட்டை வெச்சிருக்கியே, அதுல மட்டும் சில்லுனு காத்து வருது. சாரு பழைய துண்ட மடிச்சு வெச்சுட்டாரு. இருக்கலாம்ல?”

கரூர்ப் பக்கம் கேரவனாக்கும்போதே அடுப்புக்காகப் போட்டிருந்த ஓட்டை அது. அம்மாவோ நான் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் மூன்றைப் பற்றி அவ்வளவு பேசிய நான், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறேன். அடுப்பு எரியும்போது காற்று உள்ளே வரவும், கசிந்த கேஸ் கீழே இறங்கவும் அது ஒன்றுதான் வழி.

“அம்மா, போன வைக்காதீங்க. இப்பவே அந்தத் துண்ட உருவுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

கட்டில் கிறீச்சிட்டது. சார் ஏதோ முணுமுணுத்தார். தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது.

“எடுத்துட்டேன்பா” என்றார்கள். “கையில குளிர் அடிக்குது.”